விசில் பிடித்த பழைய ஆட்டக்காரர்கள்: வாசகர் கேள்வி பதில்

ஆடி முடித்துவிட்டுப் பள்ளி அணிகளுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர்களிடமிருந்து இந்த முறை கடிதங்கள் கொஞ்சம் அதிகமாகவே வந்திருக்கின்றன. கேள்விகள் வேறு வேறு, அடியில் இருக்கும் எரிச்சல் ஒன்றுதான்: எனக்கு வந்தது இவர்களுக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது? நானும் அந்த வழியில் வந்தவன்தான், அதனால் சில பதில்கள் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்லூரி அணி வரை கூடைப்பந்து ஆடியவன். இப்போது ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோச். ஜம்ப் ஷாட்டை, அதாவது குதித்தபடி வளையத்துக்கு எறிவதை, நானே திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறேன். வாயைப் பிளந்து பார்க்கிறார்கள், அப்புறம் அவர்கள் போட்டால் பந்து பலகையைக்கூடத் தொடுவதில்லை. சொல்லித் தரும் முறை தப்பா, இல்லை பிள்ளைகளே இப்படித்தானா?

பிள்ளைகள் மேல் பழி போடாதீர்கள். இதுவரை நீங்கள் காட்டியதிலிருந்து அவர்கள் தெரிந்துகொண்டது, சாருக்கு ஜம்ப் ஷாட் நன்றாக வரும் என்பதை மட்டும்தான்.

உங்களுக்கு அந்த ஷாட் கையில் இருக்கிறது, வாயில் இல்லை. சைக்கிள் ஓட்டுகிறவரிடம் எப்படி விழாமல் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டால் முழிப்பார் இல்லையா, அந்த நிலைதான். பல வருடம் போட்டுப் போட்டு, முழங்கால் எப்போது மடங்குகிறது, முழங்கை எங்கே நிற்கிறது, பந்து எந்த விரலிலிருந்து கடைசியாகப் போகிறது என்பதெல்லாம் உங்கள் கவனத்துக்கு வராமலே நடக்கிறது. சொல்ல உட்கார்ந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வரும், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவீர்கள். பதினான்கு வயதுப் பையனுக்கு அந்த ஆறேழு கட்டளையில் ஒன்றுகூட நிற்காது.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு குறிப்பு கொடுங்கள். அதையும் உடம்பைப் பற்றிச் சொல்லாமல், பந்து போக வேண்டிய இடத்தைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். காப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 1998-ல் பனிச்சறுக்குப் பழகும் கருவி ஒன்றில் ஆட்களை ஏற்றிப் பார்த்தார்கள். தன் பாதத்தை நினைத்துப் பழகியவர்களைவிட, பாதத்துக்குக் கீழே இருந்த சக்கரங்களை நினைத்துப் பழகியவர்கள் நன்றாகக் கற்றார்கள். உங்கள் ஆட்டத்திலேயே, ஃப்ரீ த்ரோவில், 2005-ல் இதைச் சோதித்தார்கள். மணிக்கட்டு மடங்குவதை நினைத்து எறிந்ததைவிட வளையத்தை நினைத்து எறிந்தபோது அதிகமாக விழுந்தது. ஆகவே "முழங்கையை உள்ளே வை, மணிக்கட்டை மடக்கு" என்பதற்குப் பதிலாக "பந்து வளையத்தின் முன்விளிம்பைத் தாண்டி விழட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். பேசாமல் நிற்பதுதான் கஷ்டம்.

காட்டுவதை முழுக்க விட்டுவிடச் சொல்லவில்லை, சுருக்கமாகக் காட்டுங்கள் என்கிறேன். அமெரிக்காவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியை 12 பருவங்களில் 10 முறை சாம்பியனாக்கிய ஜான் வுடன் பயிற்சி கொடுப்பதை 1974-75-ல் இரண்டு ஆய்வாளர்கள் பக்கத்திலிருந்து பார்த்துக் குறித்தார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள். பாராட்டு ஏறக்குறைய 7 சதவீதம், கடிந்துகொண்டதும் கிட்டத்தட்ட அதே அளவு, பாதிக்கு மேல் வெறும் தகவல்: எதை, எப்படிச் செய். ஒருவன் தப்பாகச் செய்தால் சரியான முறையைச் செய்து காட்டுவார், அவன் செய்த தப்பைச் செய்து காட்டுவார், மறுபடி சரியானதைக் காட்டுவார். ஒவ்வொன்றும் மூன்று விநாடியைத் தாண்டுவது அபூர்வம். உரையாற்றுவது கிடையாது. அவரும் கல்லூரிக் காலத்தில் நாடறிந்த ஆட்டக்காரர்தான்.

இன்னொன்று: நேற்றுதான் ஷாட் பிடிபட்ட பையன் உங்கள் அணியில் ஒருவன் இருப்பான், அவனை விட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்களைப் பார்த்து மலைத்துப்போகிற பிள்ளைகள் அவனைப் பார்த்து "இவனுக்கே வருதா" என்று முயற்சி செய்வார்கள்.

கேள்வி: நான் பள்ளி அணியில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தவன். அதே பள்ளியில் இப்போது கால்பந்துப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள். மாநில அளவில் ஆடிய ஆட்கள் இருக்கும்போது பிள்ளைகள் என்னை மதிப்பார்களா?

முதல் வாரம் மதிப்பு பெயருக்கு. இரண்டாவது வாரத்திலிருந்து நீங்கள் சொன்னதைச் செய்தால் ஆட்டம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

அரிகோ சாக்கி தொழில்முறைக் கால்பந்தே ஆடாதவர், செருப்பு வியாபாரத்தில் இருந்தவர். இத்தாலியின் ஏசி மிலானை 1989, 1990 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பை வெல்ல வைத்தார். எதிர்ப்பக்கம் பாருங்கள்: கூடைப்பந்தில் மேஜிக் ஜான்சனை விடப் பெரிய பெயர் வேண்டுமா? 1994-ல் லேக்கர்ஸ் அணிக்கு 16 ஆட்டம் கோச்சாக இருந்தார், 5 வெற்றி, 11 தோல்வி, கிளம்பிவிட்டார். ஐஸ் ஹாக்கியின் வெய்ன் கிரெட்ஸ்கி நான்கு பருவம் ஃபீனிக்ஸ் அணியைப் பயிற்றுவித்தும் ஒருமுறைகூட அடுத்த கட்டச் சுற்றுக்குக் கொண்டுபோக முடியவில்லை. இதை வைத்து நல்ல ஆட்டக்காரர் நல்ல கோச் ஆகமாட்டார் என்று சொல்லிவிட முடியாது, திராவிட் இருக்கிறார், கோபிசந்த் இருக்கிறார். இரண்டும் வேறு வேறு வேலை, அவ்வளவே. மேலே சொன்ன வுடன்கூட ஒரு உயர்நிலைப்பள்ளி அணியில்தான் ஆரம்பித்தார், முதல் வருடம் வென்றதைவிடத் தோற்றது அதிகம்.

பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு ஒரு லாபம் உண்டு. உள்ளே ஓடிக்கொண்டிருந்தவன் பந்தை மட்டும் பார்த்தான், நீங்கள் முழு மைதானத்தையும் பார்த்தீர்கள். கடைசி ஐந்து நிமிடம் இறக்கப்படுவோமா மாட்டோமா என்று ஷூ லேஸைக் கட்டிக் கட்டி அவிழ்க்கிற பையனின் வயிற்றில் என்ன ஓடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். பதினெட்டுப் பேர் அணியில் ஏழு பேர் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். போய்ச் சேருங்கள்.

கேள்வி: எங்கள் கோச் அடிப்பார், தப்புச் செய்தால் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிடுவார், பெற்றோர் முன்னாலேயே திட்டுவார். அதனால்தான் நாங்கள் நாலு பேர் உருப்பட்டோம். இப்போது லேசாகக் குரலை உயர்த்தினால் பையன் மறுநாள் வருவதில்லை. பிள்ளைகளை இப்படிப் பொத்திப் பொத்தி வைத்தால் ஆட்டம் எப்படி வரும்?

நாலு பேர் உருப்பட்டீர்கள் சரி, அணியில் மொத்தம் எத்தனை பேர் இருந்தீர்கள்?

இந்தக் கேள்வியை எழுதுகிறவர்கள் எப்போதும் தாக்குப்பிடித்தவர்களாகவே இருக்கிறார்கள். பாதியில் நின்றுபோனவன் எனக்குக் கடிதம் எழுதமாட்டான், அவன் இந்தப் பக்கத்தையே புரட்டமாட்டான். அவர்களில் உங்களைவிட நன்றாக ஆடியவன் ஒருவனாவது இருந்திருப்பான், யோசித்துப் பாருங்கள், முகம் ஞாபகம் வரும். அடியால் நீங்கள் வளர்ந்தீர்களா, அடியையும் மீறி வளர்ந்தீர்களா என்பதை உங்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களில் ஒரு பகுதியினருக்கு, பிள்ளை தப்புச் செய்தால் முதலில் தைரியம் சொல்லி, அடுத்து எப்படித் திருத்துவது என்று சொல்லப் பழக்கினார்கள். மற்றவர்களை அப்படியே விட்டார்கள். 1992-ல் வெளியான முடிவு இது: பழக்கப்படாத கோச்களிடம் ஆடியவர்களில் அடுத்த வருடம் திரும்பி வராதவர்கள் 26 சதவீதம், பழக்கப்பட்டவர்களிடம் 5 சதவீதம். வெற்றி தோல்விக் கணக்கில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசமில்லை. பிள்ளைகள் தோற்றதால் ஓடிப்போகவில்லை என்று அர்த்தம்.

அடிப்பது பற்றி விவாதிக்க எதுவுமில்லை, கை வைக்கக் கூடாது, முடிந்தது. தண்டனையாக ஓடவிடுவது பலருக்கு நியாயமாகத் தெரிகிறது, எனக்கு அது அறவே பிடிக்காது. ஓட்டம் உங்கள் ஆட்டத்துக்கு அடிப்படை, அதைத் தண்டனையாக்கினால் ஓடுவதென்றாலே முகம் சுளிக்கிற அணிதான் கிடைக்கும். பாஸ் தப்பாகப் போட்டவனுக்குத் தேவை இன்னும் பத்து பாஸ், பத்துச் சுற்று ஓட்டம் எதற்கு?

இதைக் கண்டிப்பே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நேரத்துக்கு வராதவன் நட்சத்திர ஆட்டக்காரனாக இருந்தாலும் முதல் பாதி வெளியே உட்காரட்டும். இதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், உங்கள் செல்லப்பிள்ளைக்கும் அதையே செய்யுங்கள். பிள்ளைகள் கண்டிப்பைத் தாங்குவார்கள். ஆளுக்கு ஒரு நியாயம் என்றால்தான் தாங்கமாட்டார்கள்.

கேள்வி: வேகப்பந்து வீச்சாளராக இருந்தவன். என் காலத்தில் நாள் முழுக்க நெட்டில் போடுவோம். என்னிடம் வரும் பதினைந்து வயதுப் பையன் நன்றாக வீசுகிறான், ஆனால் ஒரு மாதமாக இடுப்பு வலி என்கிறான். போடப் போடச் சரியாகிவிடும்தானே?

ஆகாது. இன்றைக்கே அவன் கையிலிருந்து பந்தை வாங்கி வையுங்கள், அடுத்து மருத்துவர்.

வளரும் வயதில் வேகமாக வீசுகிறவர்களின் கீழ்முதுகு எலும்பில் விழும் அழுத்தமுறிவு (திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் கீறல்) இந்த விளையாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே ஒரு இடத்தில் வலிக்கும், பின்னால் வளைந்தால் கூடும். ஆரம்பத்தில் பிடித்தால் சில மாத ஓய்வில் எலும்பு ஒட்டிவிடும். தைலம் தேய்த்துத் தேய்த்து இழுத்தால் ஒரு பருவமே போகும், சிலருக்கு வேகப்பந்தே போய்விடும்.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இதற்காகவே எண்ணிக்கை வைத்திருக்கிறது: 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் தொடர்ந்து வீசும் ஒரு ஸ்பெல்லில் அதிகபட்சம் 6 ஓவர், ஒரு நாளைக்கு 12 ஓவர். 17 வயதுக்குட்பட்டவருக்கு 7, 18. எந்த ஊரில் ஆடினாலும் முதுகெலும்பு ஒன்றுதான், இந்த எண்ணைச் சுவரில் ஒட்டிவையுங்கள். அப்புறம், நெட்டில் போடுவதையும் எண்ணுங்கள். பள்ளிக்கு ஒரு ஆட்டம், கிளப்புக்கு ஒரு ஆட்டம், நடுவில் உங்கள் பயிற்சி என்று பையன் மூன்று இடத்தில் வீசுவான், மூன்று கோச்களும் "என்னிடம் கொஞ்சம்தான் போட்டான்" என்பார்கள். அவன் கையிலேயே ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

பையன்கள் பெரும்பாலும் பதிமூன்று பதினான்கு வயதிலும் பெண்கள் அதற்கு இரண்டு வருடம் முன்னாலும் மடமடவென்று உயருவார்கள். கை கால் நீளம் திடீரென மாறுவதால் போன பருவத்தில் அழகாக ஆடியவன் இந்தப் பருவத்தில் தடுமாறுவான். முழங்காலுக்குக் கீழே புடைத்து வலிக்கும், குதிகால் வலிக்கும். சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டுவதற்கு முன் அவன் பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இறுதிப் போட்டியில் எங்கள் கோல்கீப்பர் தலையில் அடிபட்டு விழுந்தாள். ஒரு நிமிடத்தில் எழுந்து "நல்லாத்தான் இருக்கேன் மேடம், ப்ளீஸ்" என்று கெஞ்சினாள். நான் வெளியே எடுத்துவிட்டேன், தோற்றோம். பெற்றோர்களில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. நானே ஆடிய காலத்தில் இதைவிடப் பெரிய அடியோடு ஆடியிருக்கிறேன். அவசரப்பட்டுவிட்டேனா?

இல்லை மேடம். பேசாதவர்கள் பேசாமலே இருக்கட்டும்.

தலையில் அடிபட்டவர் தான் நலமா என்று தானே தீர்ப்புச் சொல்ல முடியாது, அடிபட்டதே அந்தத் தீர்ப்புச் சொல்லும் உறுப்பில்தான். மூளை அதிர்ச்சி வந்தவர்களில் பெரும்பாலானோர் மயங்கி விழுவதில்லை. சந்தேகம் இருந்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது, இதில் பேரமே இல்லை. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது விழுந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006-ல் பதிமூன்று வயது மாணவன் ஒருவன் அடிபட்டபின் அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கி, ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளையில் அறுவை சிகிச்சை, வருடக்கணக்கில் சிகிச்சை. 2009-ல் அவன் பெயரிலேயே சட்டம் வந்தது: சந்தேகம் என்றால் வெளியே, எழுத்தில் மருத்துவ அனுமதி இல்லாமல் உள்ளே வரக் கூடாது. சில வருடங்களுக்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் இதுபோல் சட்டம் போட்டன.

வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, குழறிய பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம், கழுத்து வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. திரும்பும்போதும் படிப்படியாக: நடை, லேசான ஓட்டம், பந்தோடு தனிப்பயிற்சி, அப்புறம்தான் மோதல் உள்ள பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். நீங்கள் அந்தக் காலத்தில் அடியோடு ஆடியது உங்கள் அதிர்ஷ்டம், அதை அடுத்தவர் பிள்ளைக்கு விதியாக்க முடியாது.

கேள்வி: ஒன்றரை மணி நேரம்தான் மைதானம் கிடைக்கிறது. முப்பது பிள்ளைகள். வரிசையில் நிறுத்தி டிரில் வைத்தால் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் போட்டியில் டிரிலில் செய்தது எதுவும் வருவதில்லை.

வரிசையில் நிற்கிற பையனை ஒரு நாள் பக்கத்தில் நின்று கவனியுங்கள். பத்து பேர் வரிசையில் அவன் முறை வரும்வரை முன்னால் நிற்பவனின் கழுத்தைத் தட்டுவான், கோனை உதைப்பான், தண்ணீர் பாட்டிலைத் திருகுவான். முறை வந்தால் நான்கு விநாடி, மறுபடி வரிசையின் கடைசி. ஒழுங்காகத் தெரிவது வெளியிலிருந்து பார்க்கும் நமக்குத்தான்.

இன்னொரு சிக்கல், டிரிலில் அடுத்து என்ன வரும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். போட்டியில் தெரியாது. 1994-ல் கல்லூரி பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கு ஆறு வாரம் கூடுதல் பேட்டிங் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரே வகைப் பந்து தொடர்ந்து பதினைந்து, அப்புறம் அடுத்த வகை. இன்னொரு குழுவுக்கு மூன்று வகையும் கலந்து, எது வரும் என்று தெரியாமல். கலந்து ஆடியவர்கள் முடிவில் 57 சதவீதம் முன்னேறினார்கள், வரிசையாக ஆடியவர்கள் 25. பயிற்சி நேரத்தில் பார்க்கும்போது கலந்த பயிற்சி அலங்கோலமாகத்தான் இருக்கும், அதைச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எனவே முப்பது பேரை நான்கைந்து சின்ன ஆட்டங்களாகப் பிரியுங்கள், மூன்றுக்கு மூன்று, நான்குக்கு நான்கு. ஆட்டத்துக்குள்ளேயே ஒரு விதி வையுங்கள்: இடது காலால் மட்டும் பாஸ், இரண்டு தொடுதலுக்குள் விட வேண்டும், இந்த மாதிரி. நீங்கள் கற்றுத்தர நினைப்பதை அந்த விதியே பாதி கற்றுத்தந்துவிடும். புதிதாக ஒரு அசைவைப் பழக்கும் முதல் இரண்டு நாள் மட்டும் தனி டிரில் போதும். வார்ம்-அப்பை நேரமில்லை என்று வெட்டாதீர்கள். ஃபிஃபா 11+ என்று இருபது நிமிடப் பயிற்சித் தொகுப்பு ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது, நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் வைத்துப் பார்த்தபோது காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தன. பெரும்பாலும் பந்தில்லாத அந்த இருபது நிமிடத்துக்குப் பிள்ளைகள் முனகுவார்கள், முனகட்டும்.

கேள்வி: பதினோராம் வகுப்பு மாணவன். எங்கள் கோச் பெரிய ஆட்டக்காரராக இருந்தவர். எதற்கெடுத்தாலும் "நாங்க ஆடும்போது" என்று ஆரம்பித்துவிடுகிறார். பயிற்சியில் கால்வாசி நேரம் கதைதான். என்ன செய்வது?

தம்பி, இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி எங்காவது வைத்துவிடு.

அது முடியாதென்றால் கதைக்கு நடுவில் ஒரு கேள்வி கேள். "அந்த ஆட்டத்துல ரெண்டு பேர் சுத்தி நின்னப்போ எப்படி சார் பந்தை வெளியே எடுத்தீங்க?" என்று கேட்டால் எழுந்து நின்று காட்டுவார். கதை பாடமாகிவிடும். பழைய ஆட்டக்காரர்களிடம் சரக்கு இருக்கிறது, திறக்கிற சாவி மட்டும் உங்களிடம்தான் இருக்கும். அப்புறம், அந்த ஆள் தோற்ற ஆட்டத்தைப் பற்றி ஒருமுறை கேட்டுப் பார், அதில்தான் அதிகம் கிடைக்கும்.

கேள்வி: பயிற்சி ஆட்டத்தில் நானும் இறங்கலாமா? கால் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

ஆள் குறைந்தால் இறங்குங்கள், பலவீனமான பக்கத்தில். கோல் போடாதீர்கள், பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வித்தை காட்டாதீர்கள், பந்து கேட்கவே தயங்குகிற பிள்ளைக்குத் தேடித் தேடிப் பாஸ் கொடுங்கள். உள்ளே நின்றால் மொத்த அணியையும் பார்க்க முடியாது, அதனால் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அப்படியும் ஆசை அடங்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வயது ஆட்களைச் சேர்த்துத் தனியாக ஆடுங்கள். வார்ம்-அப் பண்ணிவிட்டு ஆடுங்கள், பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிவிட்டு நாம் செய்யாமல் விடுகிற முதல் விஷயம் அதுதான், நாற்பதைத் தாண்டிய தொடைத் தசை அதைக் கண்டுகொள்ளாமல் விடாது.